துருவுக்கு இடமில்லாத வீடு

உலகில் துரு என்று ஒன்று கிடையாது. கவனக்குறைவு என்று ஒன்றுதான் உண்டு. அது இரும்பின் மேல் உட்காரும்போது பழுப்பு நிறமாகத் தெரிகிறது, அவ்வளவுதான். இந்த உண்மையை மனிதகுலத்துக்கு வழங்கியவர் என் அப்பா. வங்கி வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் காவலர் என்பதால், மனிதகுலத்தின் கணிசமான பகுதி அவரைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. போகிற போக்கில் ஆளுக்கொரு முறை கேட்டுவிட்டுப் போனார்கள்.

எங்கள் ஊரின் காற்றைப் பற்றிச் சொன்னால்தான் இந்தத் தத்துவத்தின் துணிச்சல் விளங்கும். கடல் இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. ஆனால் தன் இடத்தில் இருப்பதில்லை. காற்றில் ஏறி வீட்டுக்குள் வந்து, போக மனமில்லாத விருந்தாளி போல உட்கார்ந்துகொள்ளும். ஜாடியிலிருந்து உப்பை நாங்கள் அள்ளுவதில்லை, ஊற்றிக்கொள்கிறோம். தீக்குச்சியை உரசினால் வழுக்கும். அலமாரியில் வைத்த தோல் செருப்பை அடுத்த மாதம் எடுத்தால் அதற்கு மீசை முளைத்திருக்கும். மழைக்காலத்தில் செய்தித்தாளை விரிக்க முடியாது, வேண்டுமானால் பிழியலாம்.

இப்பேர்ப்பட்ட ஊரில் அப்பா ஒரு இரட்டைக் குழல் துப்பாக்கி வைத்திருந்தார். அந்த வங்கியில் காவலுக்கு ஆள் மட்டும் போதாது; ஆள் தன் சொந்தத் துப்பாக்கியோடும் அதற்கான லைசென்ஸோடும் வர வேண்டும். அம்மா இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே அது வந்துவிட்டது. அதனால் அம்மா அதை "மூத்தவ" என்பாள். "மூத்தவளுக்கு எண்ணெய் வெச்சாச்சா? அப்போ எனக்குக் கொஞ்சம் தண்ணி எடுத்துக் குடுங்க."

மூத்தவளின் குழல்கள் கருநீலம். மழைக்கு முந்தைய மேகத்தின் அடிவயிறு போல ஒரு நிறம். அது பெயிண்ட் அல்ல. துப்பாக்கி பழுதுபார்ப்பவர் ஒருமுறை எனக்கு விளக்கினார்: இரும்பின் மேற்பரப்பை மருந்து வைத்துத் துருவேற விட்டு, "இதோடு நில்" என்று பாதியில் நிறுத்திப் பக்குவப்படுத்தியதுதான் அந்த நீலம். அழகுக்கு அழகு, காவலுக்கு அரைக் காவல்தான். மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம் இல்லாவிட்டால் ஈரக்காற்று அதைத் தாண்டி உள்ளே போய்விடும். ஆக, துரு என்று ஒன்று கிடையாது என்றவர் ஆயுசு முழுக்கத் தோளில் சுமந்தது ஒழுக்கமாக வளர்க்கப்பட்ட துருவைத்தான். இதை அவரிடம் சொன்னேன்.

"உன்னைக் காலேஜுக்கு அனுப்பினது தப்பு" என்றார்.

தினமும் மாலையில் வேலை முடிந்து வந்ததும் அவருக்கு ஒரு கிரமம் உண்டு. தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்ப்பார். குழலைத் துணியால் துடைப்பார். எண்ணெய் தடவுவார். அலமாரிக்குள் கிடத்துவார். கடைசியில் பிள்ளையைத் தூங்கவைப்பது போல இரண்டு தட்டு தட்டிவிட்டுக் கதவைப் பூட்டுவார். எங்களை அவர் தட்டிக்கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. அதற்கு நான் பாஸ் ஆகியிருக்க வேண்டும்.

இத்தனை பணிவிடைக்கும் பதிலாக மூத்தவள் துருப்பிடித்தாள். குழலின் நடுவில், ஒரே இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்புத் திட்டு. துடைத்தால் போகும், சில வாரத்தில் சொல்லிவைத்தாற்போல் வந்துவிடும்.

போன தடவை லைசென்ஸ் புதுப்பிக்கப் போனபோது, பரிசோதனை அதிகாரி அந்தத் திட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தாராம். "நீலம் போயிட்டிருக்கு. அடுத்த வருஷமும் இதே இடத்துல பார்த்தேன்னா இரும்பை அரிச்சுப் பள்ளம் விழுந்திருக்கும். அப்புறம் இது துப்பாக்கி இல்ல, குழாய். குழாய்க்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

கையெழுத்து இல்லையென்றால் லைசென்ஸ் இல்லை. லைசென்ஸ் இல்லையென்றால் துப்பாக்கி இல்லை. துப்பாக்கி இல்லாத காவலரை வங்கி தன் வாசலில் நிற்க வைக்காது. பகல் முழுக்க அவரை வீட்டில் எங்கே நிற்க வைப்பது என்பது அம்மாவின் கவலை.

அடுத்த பரிசோதனை நெருங்க நெருங்க, அப்பா குற்றவாளியைத் தேட ஆரம்பித்தார்.

முதலில் மாட்டியது தோல் உறை. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு இரும்புக்கு ஊட்டுகிறது என்று பழுதுபார்ப்பவர் சொன்னார். உண்மைதான். உறை பரணுக்குப் போனது. திட்டு திரும்பி வந்தது.

அடுத்து அலமாரி. உள்ளே ஒரு சின்ன பல்பு எரிந்துகொண்டே இருந்தால் காற்று சூடாகி ஈரம் தங்காது என்றார்கள். பல்பு வந்தது. என் படிப்பு மேஜையின் பல்புதான். நான் இருட்டில் உட்கார்ந்து, வெளிச்சத்தில் படுத்திருக்கும் மூத்தவளைப் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டு திரும்பி வந்தது.

அடுத்து, ஷூ டப்பாவுக்குள் "தின்னக்கூடாது" என்று எழுதிய சின்னப் பொட்டலங்கள் இருக்குமே, அவை. செருப்புக்கடை செருப்புக்கடையாக ஏறி இறங்கும் பணி எனக்கு. கடைக்காரர்கள் என்னைக் கால் இல்லாத வாடிக்கையாளர் போலப் பார்த்தார்கள். பொட்டலத்துக்குள் இருக்கும் மணிகள் வயிறு நிறைய ஈரம் குடித்துவிட்டால் அப்புறம் சும்மாதான் கிடக்கும். வாணலியில் கொட்டி வறுத்தால் மறுபடி தாகம் எடுக்கும். அம்மா வறுத்தாள்.

"ஊர்ல எல்லாரும் திங்கிறதுக்கு வறுப்பாங்க" என்றாள். "எங்க வீட்ல மட்டும் எழுதியே வெச்சிருக்கு, தின்னக்கூடாதுன்னு."

திட்டு திரும்பி வந்தது.

அப்பா எண்ணெய்க்குத் தாவினார். தடவுவதை விட்டுவிட்டுக் குளிப்பாட்டினார். அலமாரியின் கீழ்த்தட்டு அம்மாவுடையது. தைத்து முடித்த துணிகளை அங்கேதான் அடுக்குவாள். ஒரு வாடிக்கையாளரின் வெள்ளைச் சட்டையின் முதுகில் ஒரு தீவும் இரண்டு வளைகுடாவும் உருவாயின. அந்தச் சட்டையை அம்மா மூன்று முறை துவைத்தாள். நான்காவது முறை அப்பாவின் முன்னால் வைத்துத் துவைத்தாள். அவரைத் துவைக்க முடியாத குறைதான்.

"எண்ணெய் குடுத்தா போதாதுங்க" என்றாள். "எங்க நிறுத்தணும்னும் தெரியணும்."

"நீ இஸ்திரி போடுறதை எங்க நிறுத்தணும்னு தெரியுதா? நாள் பூரா புஸ்ஸு புஸ்ஸுனு ஆவி விடுறியே, அதெல்லாம் எங்க போகுது? நேரா அலமாரிக்குத்தான்."

"ஆமா. கடல் பாவம், ரெண்டு தெரு தள்ளித் தூங்குது. என் இஸ்திரிப் பெட்டிதான் ஊரை நனைக்குது."

அன்றிலிருந்து வீட்டுக்குள் நீராவி இஸ்திரிக்குத் தடை. அம்மா மேஜையை மொட்டை மாடிக்கு ஏற்றிக்கொண்டாள். மழை வந்தால் மேஜையோடு இறங்குவாள், விட்டால் ஏறுவாள். ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரு பெருமூச்சு. அதற்கும் ஈரம் உண்டு என்று அப்பா சொல்லாமல் விட்டது அவருடைய அதிர்ஷ்டம்.

இதற்கிடையில் எங்கள் கண்ணெதிரிலேயே ஒரு துப்பாக்கி துருவே இல்லாமல் இருந்தது. அது வங்கியின் இன்னொரு ஷிப்டு காவலருடையது. அவர் தன் துப்பாக்கியைக் கைக்குட்டை இல்லாமல் தொடமாட்டார். எடுக்கும்போது கைக்குட்டை, வைக்கும்போது கைக்குட்டை. அதனால் அவர் பெயரே கைக்குட்டை.

"துப்பாக்கியா பிடிக்கிறான்? சூட்டோட பாத்திரம் இறக்குற மாதிரி பிடிக்கிறான்" என்று அப்பா தினமும் சாப்பாட்டு நேரத்தில் நடித்துக் காட்டுவார். "திருடன் வந்தா, 'ஒரு நிமிஷம் இருங்க தம்பி, கைக்குட்டையைத் தேடிக்கிறேன்'னு சொல்லுவான்."

"அவர் துப்பாக்கி பளபளன்னு இருக்காமேப்பா."

"அவன் வீட்டுப் பக்கம் காத்து வறண்ட காத்துடா."

கைக்குட்டையின் வீடு எங்கள் தெருவிலேயே, எங்களைவிடக் கடலுக்குப் பக்கத்தில் இருந்தது.

அப்பாவுக்குத் தன் கைமீது அபார நம்பிக்கை. "இது ராசியான கை" என்று விரித்துக் காட்டுவார். வலது கையின் நடுவிரலில் நுனிக் கணு கிடையாது. வங்கியின் இரும்பு ஷட்டர் ஒருநாள் பாதியில் அறுந்து இறங்கியபோது, உள்ளே நடந்துகொண்டிருந்த ஒரு பெண்மணியைத் தள்ளிவிட்டுத் தன் கையைக் கொடுத்தவர். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் பெருமையடிக்கமாட்டார். விரலைப் பார்த்துவிட்டு மடக்கிக்கொள்வார். மற்ற நேரமெல்லாம் அந்தக் கை பட்டால் செடி துளிர்க்கும், நின்ற கடிகாரம் ஓடும், காய்ச்சல் இறங்கும். அவர் கட்டியிருந்த கடிகாரத்தின் பின்மூடி மட்டும் வருஷத்துக்கு ஒருமுறை அரித்துப்போகும். அது கடிகாரக் கம்பெனியின் கவனக்குறைவு.

பரிசோதனைக்கு முந்தைய வாரம் அப்பா லீவு போட்டார். கடல்காற்று, வங்கி வாசல், பேருந்துக் கம்பி எதுவும் மூத்தவளைத் தீண்டக்கூடாது. கைக்குட்டை இரண்டு ஷிப்டும் பார்க்க ஒப்புக்கொண்டார். பழுதுபார்ப்பவர் திட்டை எடுத்து, வெளுத்த இடத்துக்கு நீலம் தொட்டுக் கொடுத்தார். "பள்ளம் இன்னும் விழல, அண்ணே. இன்னொரு தடவை வந்தா விழுந்துரும். எண்ணெய் லேசாப் போதும், தடவித் துடைச்சிருங்க. அப்புறம் தொடாதீங்க."

தொடவில்லை. அலமாரிக்கு எதிரே நாற்காலி போட்டு வாரம் முழுக்கக் காவல் இருந்தார். வங்கியைக்கூட அவர் அப்படிக் காத்ததில்லை. மாலையில் ஒருமுறை திறந்து, பல்பு எரிகிறதா, பொட்டலம் இருக்கிறதா என்று பார்ப்பார். இரண்டு தட்டு. பூட்டு.

பரிசோதனைக்கு இரண்டு நாள் இருக்கும்போது அலமாரியைத் திறந்தவர் அப்படியே நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"டேய். யாருடா தொட்டது?"

"சாவி உங்க இடுப்புல இருக்குப்பா."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. துப்பாக்கி வெளிய போகல, வாசல் காத்து படல, இஸ்திரி மாடியில இருக்கு. நீ தொட்டிருக்கே."

"நான் தொட்டா உங்களுக்குத் தெரியாதாப்பா? நாற்காலியிலதானே வாழ்றீங்க."

சத்தம் கேட்டு அம்மா தோளில் அளவு நாடாவோடு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். அப்பாவை விலக்கிவிட்டுக் குனிந்து பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். இத்தனை நாளும் எண்ணெயில் கலங்கி ஒரே திட்டாகத் தெரிந்தது, இந்தத் தடவை அதிக எண்ணெய் இல்லாததால் தன் உண்மையான வடிவத்தில் வந்திருந்தது. புது நீலத்தின் மேல் குறுக்கே நான்கு பழுப்புக் கோடுகள். மூன்று கோடுகள் இரண்டு குழலையும் தாண்டிப் போயிருந்தன. இரண்டாவது கோடு மட்டும் முதல் குழலோடு நின்றுவிட்டது.

அம்மா தையல் அறைக்குப் போய் ஒரு பழைய கத்தரியையும், ஒரு சிறு துணியில் குத்திவைத்த ஊசியையும் கொண்டுவந்து துப்பாக்கிக்குப் பக்கத்தில் வைத்தாள். கத்தரியின் கைப்பிடி பழுப்பு. ஊசி முழுப் பழுப்பு.

"கையைக் கொண்டாங்க" என்றாள்.

"எதுக்கு?"

"ராசி பார்க்க."

அப்பா கையை நீட்டினார். அம்மா மணிக்கட்டைப் பிடித்து, குழலில் படாமல் ஒரு விரல் உயரத்தில் நிறுத்தினாள். நான்கு விரலும் நான்கு கோட்டின் மேல் நிழல் மாதிரி விழுந்தன. ஷட்டர் கடித்த நடுவிரல், முதல் குழலோடு நின்ற கோட்டின் மேல் அச்சாக நின்றது.

அப்பா கையை மெதுவாக இழுத்துக்கொண்டார்.

"சில பேரு வேர்வை அப்படிங்க" என்றாள் அம்மா. "இரும்பைத் தின்னும். எங்க தையல்காரங்களுக்கு இது தெரியும். ஊசி நூல் கோத்துக் குடுக்கறேன்னு உட்காருவீங்களே, மறுநாள் அந்த ஊசி பழுத்திருக்கும். உங்களுக்குன்னு இந்த ஒரு ஊசியைத் தனியா வெச்சிருக்கேன். நல்ல கத்தரியை ஒளிச்சு வெச்சிருக்கேன்."

"அப்போ இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"ஊசி கோக்கறப்போ சந்தோஷமா இருந்தீங்க. ஒரு ஊசிதானே போகுதுன்னு விட்டேன். துப்பாக்கியை மரக்கட்டைப் பக்கம்தானே பிடிக்கிறீங்கன்னு நினைச்சேன். நீங்க கொஞ்சுவீங்கன்னு எனக்கென்ன தெரியும்? எங்களையெல்லாம் கொஞ்சியிருந்தா தெரிஞ்சிருக்கும்." கொஞ்சம் நிறுத்தி, "கடலைக் கேட்டீங்க, உறையைக் கேட்டீங்க, இஸ்திரிப் பெட்டியைக் கேட்டீங்க, பெத்த பிள்ளையைக் கேட்டீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அப்பா மேல்முறையீடு செய்தார். புது ஊசி வேண்டும், எல்லோரும் தொட வேண்டும் என்றார். மூன்று ஊசிகள் வந்தன. ஆளுக்கொன்றாக உருட்டித் தந்தோம். மறுநாள் காலையில் என் ஊசி வெள்ளை. அம்மாவின் ஊசி வெள்ளை. அப்பாவின் ஊசியைப் பற்றி அப்பா, "இது வாங்கும்போதே மட்டம்" என்றார்.

அன்று பகலில் அம்மாவே உட்கார்ந்து, பழுதுபார்ப்பவர் கொடுத்திருந்த மிக மெல்லிய கம்பி நாரில் எண்ணெய் தொட்டு, கைக்குழந்தையின் மூக்கைத் துடைப்பதுபோல அந்த நான்கு கோடுகளையும் எடுத்தாள். அப்பா எதிரே, தன் கைகளை இரண்டு தொடைகளுக்கும் அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குளிர் அடித்தவர் போலவும் இருந்தது, கைதானவர் போலவும் இருந்தது.

"மெதுவா. அங்க நீலம் புதுசு."

"தெரியுது."

"போயிடுமா?"

"கோடு போகும். நீங்க தொடலன்னா திரும்ப வராது."

முடித்ததும் அம்மா என் துவைத்த காலுறை ஒன்றை எடுத்தாள். வெள்ளைப் பருத்தி, விளிம்பில் சிவப்புப் பட்டை. "தொடாம இருக்க உங்களால ஆகாது. இதைக் கையில மாட்டிக்கிட்டுத் தொடுங்க."

அப்பா அதை இரண்டு விரலால், செத்த எலியைத் தூக்குவது போலத் தூக்கிப் பார்த்தார்.

"காலுக்குப் போடறதைக் கைல போடணுமா? நாளைக்குத் தொப்பியைக் கால்ல போடச் சொல்லுவே. அவன் கைக்குட்டை, நான் காலுறை. வங்கி வாசல்ல ரெண்டு பேரும் நின்னா, துணிக்கடைன்னு நினைச்சு ஜனங்க உள்ள வரும்."

"என்னமோ பண்ணுங்க. நான் மாடிக்குப் போறேன்."

"இஸ்திரியைக் கீழயே போட்டுக்க" என்றார் அப்பா, ஜன்னலைப் பார்த்தபடி. அவர் அகராதியில் மன்னிப்புக்கு அதுதான் பொருள்.

பரிசோதனை நாளன்று நானும் கூடப் போனேன். துப்பாக்கி பருத்தித் துணியில் சுற்றியிருந்தது. அதை மரக்கட்டைப் பக்கம் பிடித்து, அடுத்தவர் குழந்தையைச் சுமப்பது போலச் சுமந்தார். அதிகாரி துணியைப் பிரித்தார். குழலை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார். போன வருஷம் சுரண்டிய அதே இடத்தைத் தேடிப் பிடித்து, வெறும் கட்டைவிரலால் நெடுக ஒரு இழுப்பு இழுத்தார். அப்பாவின் தோள்பட்டை அவருக்குத் தெரியாமல் மேலே ஏறியது.

"பரவாயில்லையே" என்றார் அதிகாரி. இன்னொரு முறை தடவினார். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டு, "இங்க பாருங்க, இந்த ஊர்லயே இப்படி வெச்சிருக்கார்" என்று காட்ட, அவரும் ஆசையாகத் தடவினார். "எப்படிங்க?"

"துருன்னு ஒண்ணு கிடையாதுங்க" என்றார் அப்பா. கண்கள் அவர்களுடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தன. "கவனக்குறைவுதான்."

கையெழுத்து விழுந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் எதிர்ப்பட்ட கைக்குட்டை, "என்ன அண்ணே, ஆச்சா?" என்று கேட்டதற்கு, "ஆச்சு ஆச்சு, உன் கைக்குட்டை காயுதா பாரு" என்று சொல்லிவிட்டு நடையைக் கூட்டினார். வீட்டுக்குள் நுழைந்ததும் என்னிடம், "போய் அம்மாகிட்ட சொல்லு" என்றார். அம்மா கீழேதான் இருந்தாள், தையல் அறையில், புஸ்ஸு புஸ்ஸென்று. சொன்னேன். அவள் தலையசைத்துவிட்டு, உதட்டில் விரல் வைத்து, சட்டை போட்டுப் பார்ப்பவர்களுக்காக மாட்டியிருந்த ஆளுயரக் கண்ணாடியைக் காட்டினாள். அதில் அலமாரி தெரிந்தது.

அப்பா தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்தார். அதிகாரிகளின் விரல் பட்ட இடமெல்லாம் துணியால் துடைத்தார். எண்ணெய் தொட்டார், லேசாக. மறுபடி துடைத்தார். உள்ளே கிடத்தினார். அவருடைய வலது கை பழக்கத்தில் தானாக உயர்ந்து குழலுக்கு மேலே வந்து, வெட்டுண்ட நடுவிரலோடு அப்படியே நின்றது.

அறையைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். வாசலைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்க்கவில்லை.

பிறகு சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பட்டை போட்ட வெள்ளைக் காலுறையை எடுத்து, முழங்கை வரை நிதானமாக இழுத்து மாட்டிக்கொண்டு, மூத்தவளை இரண்டு தட்டு தட்டினார்.